கைக்குழந்தை உடுப்புக்கு எந்தப் பின்னல்: சிங்கிள் ஜெர்சியா, ரிப்பா, இண்டர்லாக்கா?

திருப்பூரிலோ அதைச் சுற்றியுள்ள ஊர்களிலோ நான்கைந்து தையல் இயந்திரங்களைப் போட்டுக் குழந்தை உடுப்புத் தைக்கத் தொடங்குபவர்கள் துணிக் கடைக்குள் நுழைந்ததும் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) எவ்வளவு, கிலோ என்ன விலை? இரண்டும் வேண்டிய கேள்விகளே. ஆனால் இவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய ஒன்று விடுபட்டுப் போகிறது. அந்தத் துணியில் கண்ணிகள் (நூல் வளையங்கள்) எப்படிப் பின்னப்பட்டிருக்கின்றன என்பதே அது. ஒரே பஞ்சில், ஒரே நூற்பாலையின் நூலில் பின்னிய இரண்டு துணிகள், பின்னல் வேறுபட்டால் வெட்டும் மேசையிலும் துவைக்கும் கல்லிலும் முற்றிலும் வேறான இரண்டு பொருள்களாக நடந்துகொள்ளும். பிறந்தது முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் உடுப்புக்குப் பெரும்பாலும் போட்டியில் நிற்பவை சிங்கிள் ஜெர்சி, ஒன்றுக்கொன்று (1×1) ரிப், இண்டர்லாக் ஆகிய மூன்றும்தான். சிறிய அளவில் தொடங்குபவர் மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. சாயப்பட்டறையில் ஒரு நிறத்துக்கு இத்தனை கிலோவாவது வேண்டும் என்ற கட்டுப்பாடு இருப்பதால், மூன்று துணி, நான்கு நிறம் என்று போனால் கையிருப்பு முழுவதும் துணியிலேயே முடங்கிவிடும். ஆகவே முதல் கொள்முதலுக்கு ஒன்றைத் தேர்ந்துகொள்வது எப்படி என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பின்னல் துணி முழுவதும் ஒரே ஓர் அசைவின் திரும்பத் திரும்ப வரும் வடிவம்தான். ஏற்கெனவே உள்ள ஒரு கண்ணியின் வழியாகப் புதிய கண்ணி ஒன்றை இழுத்துவிட வேண்டும். அதைப் பின்னிருந்து முன்னுக்கு இழுத்தால் முகப்பில் 'வி' எழுத்தைப் போன்ற சாய்வுக் கோடுகள் தெரியும். முன்னிருந்து பின்னுக்கு இழுத்தால் அரைவட்ட மேடுகள் தெரியும். கையில் இரண்டு ஊசிகளை வைத்துக் கம்பளி பின்னுகிறவர்கள் முன்னதை நிட் என்றும் பின்னதை பர்ல் என்றும் சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு கண்ணிகள் அல்ல, ஒரே கண்ணியின் முன்பக்கமும் பின்பக்கமும் என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிதில் விளங்கும். எந்தக் கண்ணி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்ற ஒழுங்கில்தான் மூன்று துணிகளும் வேறுபடுகின்றன.

சிங்கிள் ஜெர்சியில் எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கத்தைப் பார்த்திருக்கும். இயந்திரத்தின் சிலிண்டரில், அதாவது நிமிர்ந்த உருளையில் உள்ள ஒரே தொகுதி ஊசிகள் போதும். 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னுவதற்குச் செய்த முதல் பின்னல் சட்டகமும் இந்தத் துணியைத்தான் பின்னியது. இன்று 30 அங்குல விட்டமும் 24 கேஜும் (அங்குலத்துக்கு 24 ஊசிகள்) உள்ள ஒரு வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஏறக்குறைய 2,260 ஊசிகள் இருக்கும். வழக்கமாக அதற்கு 90 ஃபீடர்கள் நூலைத் தருவதால், இயந்திரம் ஒருமுறை சுற்றினால் 90 கிடைவரிசைகள் பின்னப்பட்டுவிடும். இந்த வேகத்தால் பின்னல் கூலி குறைவு. 30ஆம் நம்பர் கோம்டு நூலில் (குட்டை இழைகளைச் சீவி நீக்கிய நூல்; நம்பர் கூடினால் நூல் மெலியும்) பின்னினால் 140 முதல் 150 ஜிஎஸ்எம் அளவில் மெல்லிய, காற்றோட்டமான, மென்மையான துணி கிடைக்கும். சித்திரை வெயிலில் பச்சைக் குழந்தைக்குப் போட்டுவிட இதைவிட லேசான துணி இந்த மூன்றில் வேறில்லை. பனியன் என்றாலே நம் கை தேடும் துணியும் இதுதான்.

அதன் குறைகளும் அதே ஒழுங்கிலிருந்துதான் பிறக்கின்றன. எல்லாக் கண்ணிகளும் ஒரு பக்கமாகவே வளைந்திருப்பதால் துணிக்குள் ஒரு சமநிலையற்ற விசை எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். வெட்டிய உடனே பக்க ஓரங்கள் பின்புறமாகவும் மேல் கீழ் ஓரங்கள் முகப்புப் பக்கமாகவும் சுருண்டுகொள்ளும். பெரியவர்களின் சட்டையில் இது பெரிய தொல்லை அல்ல. ஆனால் பதினைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு முன்துண்டில், கழுத்து வளைவிலும் கை வளைவிலும் ஓரம் சுருண்டால் தைப்பவரின் விரல்கள் துணியை விரித்துப் பிடிப்பதிலேயே களைத்துவிடும். நல்ல அனுபவமுள்ள ஓவர்லாக் தையல்காரர் சமாளித்துவிடுவார். புதிதாகப் பழகியவரின் கையில் அது சரிவரப் பிடிபடாமல், ஓரிடத்தில் தையல் அகலமாகவும் ஓரிடத்தில் ஓரம் தையலுக்குள் அகப்படாமலும் போய்விடும்.

அடுத்த குறை இன்னும் கடுமையானது. நூலில் உள்ள முறுக்கு தளர விரும்பும்போது ஒவ்வொரு கண்ணியும் ஒரே திசையில் சாயும். இதோடு, ஒரு சுற்றில் 90 கிடைவரிசைகள் ஏறுவதால் வரிசைகளே நேர்கிடையாக இல்லாமல் ஏணிச் சுருள் போலச் சரிந்துதான் இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு 20 கிடைவரிசைகள் என்று கொண்டால் ஒரு சுற்றுக்குள் நான்கரை சென்டிமீட்டர் ஏற்றம். ஃபினிஷிங்கில் இந்தச் சரிவை நேராக்கிவிடலாம். ஆனால் முறுக்கின் விசை துணிக்குள்ளேயே இருப்பதால் இரண்டு மூன்று துவைப்பில் பக்கத்தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிடும். ஒரு சிறு தையல் பிரிவை நான் கவனித்துவந்த காலத்தில், ஆறு மாதக் குழந்தைக்கான கையில்லாத சட்டைகள் ஒரு லாட் முழுவதும் இப்படித் திரும்பிவிட்டன. தைத்து மடித்து வைத்திருந்தபோது குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாங்கியவர் வீட்டில் துவைத்த பிறகுதான் தெரிந்தது. நாங்கள் துணியின் எடையையும் நிறத்தையும் சோதித்திருந்தோமே தவிர, ஒரு துண்டைத் துவைத்துப் பார்த்திருக்கவில்லை. உடுப்பு சிறியதாக இருக்கும்போது இந்தத் திரும்பல் கண்ணில் பெரிதாகப் படும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பெரியவரின் சட்டையில் இரண்டு சென்டிமீட்டர் திரும்பினால் பலர் கவனிக்கமாட்டார்கள். குழந்தையின் சட்டையில் அதே இரண்டு சென்டிமீட்டர் முன்துண்டின் அகலத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு.

மூன்றாவதாக, ஒரு கண்ணி அறுந்தால் அந்த நெடுவரிசை முழுவதும் ஏணி போல இறங்கிவிடும். குழந்தை உடுப்புகளில் தோளிலும் கால்களுக்கு இடையிலும் டிச் பட்டன் அடிப்பது வழக்கம். பட்டனின் பற்கள் துணியைத் துளைத்துத்தான் பிடித்துக்கொள்கின்றன. ஒரு நாளில் பலமுறை பிடித்து இழுக்கப்படும் இடத்தில் மெல்லிய சிங்கிள் ஜெர்சி இருந்தால் துளை பெரிதாகிப் பட்டனே கழன்று வரும். கழன்ற பட்டன் கைக்குழந்தையின் வாய்க்குப் போகக்கூடியது என்பதால், இதை வெறும் தரக் குறையாக என்னால் பார்க்க முடியவில்லை. பட்டி மடித்து உள்ளே தாங்குதுணி வைத்துத் தைத்தால் இது தீரும். ஆனால் அந்த வேலையைக் கூலிக் கணக்கில் சேர்த்துத்தான் சிங்கிள் ஜெர்சி மலிவு என்ற முடிவுக்கு வரவேண்டும்.

ரிப் துணியில் ஒரு நெடுவரிசை முன்பக்கத்தையும் அடுத்தது பின்பக்கத்தையும் பார்த்திருக்கும். இதற்குச் சிலிண்டரின் ஊசிகளோடு டயல் எனப்படும் மேல் தட்டிலும் இன்னொரு தொகுதி ஊசிகள் வேண்டும். லீயின் சட்டகத்தில் இந்த இரண்டாவது தொகுதியை இணைக்கும் வழியை 1750களின் இறுதியில் டெர்பியைச் சேர்ந்த ஜெடிடயா ஸ்ட்ரட் கண்டார். அதாவது ஒரு வரிசைக் கண்ணிகளைத் திருப்பி வைப்பதற்கு ஏறக்குறைய 170 ஆண்டுகள் ஆயின. முன்கண்ணியின் வளைவும் பின்கண்ணியின் வளைவும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால் ரிப் சுருளாது, பக்கத்தையல் திரும்பும் தொல்லையும் பெரிதாக இல்லை. நெடுவரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்துகொள்வதால் துணி அகலத்தில் சுருங்கி நிற்கும். கணக்குப்படி, அதே எண்ணிக்கைக் கண்ணிகள் உள்ள சிங்கிள் ஜெர்சியின் பாதி அகலமும் இரு மடங்குக் கனமும் வர வேண்டும். நடைமுறையில் பின்னிய அகலத்திலிருந்து 30 சதவீதம் போலச் சுருங்கும். இப்படி ஒளிந்திருக்கும் அகலம்தான் இழுக்கும்போது வெளியே வந்து, விட்டதும் உள்ளே போகிறது. அகலவாக்கில் நீண்டு மீளும் திறன் சிங்கிள் ஜெர்சியைவிட ரிப்பில் இரு மடங்கு என்று கொள்ளலாம்.

கைக்குழந்தைக்கு இதைவிட ஏற்ற குணம் வேறென்ன வேண்டும் என்று தோன்றும். உடலோடு ஒப்பிட்டால் குழந்தையின் தலை பெரியது. அதன் வழியாக நுழைய வேண்டிய உடுப்பு, நுழைந்தபின் மெலிந்த தோளில் நிற்கவும் வேண்டும். மாதத்துக்கு மாதம் வளரும் உடலுக்கு ஒரே சட்டை கூடுதலாகச் சில வாரங்கள் பொருந்தும். இந்தக் காரணங்களால் ரிப்பையே முழு உடுப்புக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். உடலோடு ஒட்டி நிற்கும் உள்பனியனுக்கும் கால்சட்டைக்கும் அது முற்றிலும் சரி.

ஆனால் புதிதாகத் தொடங்குபவரிடம் ரிப்பை ஒப்படைக்க எனக்குத் தயக்கம் உண்டு. நீளும் துணியை மேசையில் விரிப்பது தனிக் கலை. ரோலிலிருந்து இழுத்து விரித்த உடனே வெட்டினால், வெட்டிய துண்டு கூடைக்குப் போவதற்குள் சுருங்கி, முன்துண்டும் பின்துண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். ரோலைப் பிரித்து ஒரு நாள் முழுவதும் தளரவிட்ட பிறகுதான் கட்டிங் மாஸ்டர் கத்திரியை எடுக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும். தைக்கும்போது தையல் இயந்திரப் பாதத்தின் அழுத்தத்திலேயே துணி நீண்டு, விளிம்பு அலை அலையாக வரும். இன்னொன்று, ரிப்பின் மேல் பூவோ யானையோ அச்சடிக்க முடியாது என்பதல்ல, அடித்தால் நிற்காது. பள்ளமும் மேடுமான தளத்தில் மை மேட்டில் மட்டும் உட்கார்ந்து, துணி நீளும்போது பிளந்து தெரியும். படம் போட்ட குழந்தைச் சட்டைக்குத்தான் நம் கடைகளில் கேட்பு அதிகம்.

இண்டர்லாக் என்பது இரண்டு ஒன்றுக்கொன்று ரிப் துணிகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பின்னியது. ரிப் இயந்திரத்தில் டயல் ஊசி, சிலிண்டர் ஊசிகளின் இடைவெளியில் நிற்கும். இண்டர்லாக் இயந்திரத்திலோ இரண்டும் நேருக்கு நேர் நிற்கும். அப்படி நின்றால் மோதிக்கொள்ளுமே என்பதற்காக நெட்டை ஊசியும் குட்டை ஊசியும் மாறி மாறி வைக்கப்பட்டு, ஒரு ஃபீடரில் ஒரு வகையும் அடுத்த ஃபீடரில் மற்ற வகையும் வேலை செய்யும். இதனால் ஒரு முழுக் கிடைவரிசைக்கு இரண்டு ஃபீடர்கள் செலவாகின்றன. அமெரிக்காவின் ஸ்காட் அண்ட் வில்லியம்ஸ் நிறுவனம் 1908இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. ஒரு ரிப்பின் பள்ளத்தை மற்றொரு ரிப்பின் மேடு நிரப்பிவிடுவதால் துணியின் இரு பக்கமும் சிங்கிள் ஜெர்சியின் முகப்பைப் போலவே வழவழப்பாக இருக்கும். குழந்தையின் தோலில் படுகிற உள்பக்கமும் வெளிப்பக்கத்தைப் போலவே மேடுபள்ளமின்றி வழவழப்பாக இருப்பது மூன்றில் இந்த ஒரு துணியில்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். (ஒற்றைப்படை ஃபீடரில் ஒரு நிறமும் இரட்டைப்படை ஃபீடரில் வேறு நிறமும் கொடுத்தால் இண்டர்லாக்கில் நெட்டுக்கோடு விழும், சிங்கிள் ஜெர்சியில் அதே ஏற்பாடு கிடைக்கோட்டைத் தரும். கோடு போட்ட துணி வாங்குபவர் இதை வைத்தே இன்னது என்று ஊகித்துவிடலாம்.)

இண்டர்லாக் சுருளாது, வெட்டிய துண்டு மேசையில் தாள் போலப் படுத்திருக்கும். ரிப் அளவுக்கு நீளாது என்பதால் வெட்டிய அளவு வெட்டியபடியே நிற்கும். கண்ணி அறுந்தாலும் ஏணி எளிதில் இறங்காது. கடைசியாகப் பின்னிய ஓரத்திலிருந்து மட்டுமே பிரிக்க முடியும். டிச் பட்டனின் பற்கள் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான தளத்தில் அச்சும் தெளிவாக விழும். நீட்சி குறைவு என்பதால் தலைவழியாக நுழைக்கும் கழுத்துக்கு மட்டும் வழி செய்தாக வேண்டும். தோளில் முன்துண்டும் பின்துண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து விரியும் கழுத்தோ, ஒரு தோளில் பட்டன் திறப்போ வைத்து, கழுத்துப் பட்டியை ரிப்பில் தைத்தால் அந்தக் குறை நீங்கிவிடும்.

இனி, எதிர்த்தரப்பை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இண்டர்லாக் கனமான துணி. 40ஆம் நம்பர் நூலில் பின்னினாலும் பெரும்பாலும் 180 முதல் 200 ஜிஎஸ்எம் வந்துவிடும். நமது கோடையில் அது சிங்கிள் ஜெர்சியைவிட வெப்பமாகத்தான் இருக்கும். அதிக ஈரத்தை உறிஞ்சும், உலரவும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் ஒரு நாளைக்கு எட்டுப் பத்து உடுப்பு மாற்ற வேண்டிய தாய்க்கு இது சிறிய விஷயம் அல்ல. விலைக் கணக்கும் அதற்குச் சாதகமாக இல்லை. ஒரு சிறு உடுப்புக்குச் சேதாரத்தோடு கால் சதுர மீட்டர் துணி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 145 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி ஒரு கிலோவில் 6.9 சதுர மீட்டர் வரும். 27 உடுப்புகள் வெட்டலாம். 190 ஜிஎஸ்எம் இண்டர்லாக்கில் 5.26 சதுர மீட்டர், 21 உடுப்புகள்தான். 200 ஜிஎஸ்எம் ரிப்பில் 20. கிலோ விலை ஒன்றாகவே இருந்தாலும் ஓர் உடுப்புக்கான துணிச் செலவு இண்டர்லாக்கில் ஏறக்குறைய 29 சதவீதம் கூடுகிறது. ஆனால் கிலோ விலை ஒன்றாக இருப்பதில்லை. 40ஆம் நம்பர் நூல் 30ஆம் நம்பரைவிட விலை அதிகம். ஒரு வரிசைக்கு இரண்டு ஃபீடர் போவதால் பின்னல் கூலியும் அதிகம். சாயக் கூலி கிலோ கணக்கில் என்பதால் கனத்துக்கும் சேர்த்தே கொடுக்கிறோம்.

இவ்வளவுக்குப் பிறகும், ஒரே துணியைத்தான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு நான் இண்டர்லாக்கையே சொல்வேன். கூடும் செலவு துணிக் கணக்கில் முன்கூட்டியே எழுதக்கூடியது. விலையில் சேர்க்கலாம், அல்லது வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். சிங்கிள் ஜெர்சியின் செலவோ ஓரம் பிடிபடாத தையலாகவும், பிரித்துத் தைக்கும் நேரமாகவும், திரும்பி வரும் உடுப்பாகவும் பின்னால் வருகிறது. அனுபவமில்லாத தொடக்கக்காரரால் அதைக் கணிக்க இயலாது. தைப்பவர்கள் புதியவர்கள், விற்கப்போவது தலைவழி நுழைக்கும் சட்டையும் பட்டன் வைத்த முழு உடுப்பும், வாங்குபவர்கள் பலமுறை துவைத்து அடுத்த குழந்தைக்கும் வைத்துக்கொள்பவர்கள் என்றால் இந்த முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நிலைமை வேறாக இருந்தால் முடிவும் மாறும். முன்புறம் திறந்து நாடாவால் கட்டும் ஜப்லா மட்டும்தான் தைக்கப் போகிறீர்கள் என்றால் சிங்கிள் ஜெர்சியைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம். அதில் தலை நுழைய வேண்டியதில்லை, பட்டன் இல்லை, பக்கத்தையல் சற்றுத் திரும்பினாலும் கட்டும் உடுப்பில் தெரியாது, முதல் மூன்று மாதங்களுக்கு மேல் அது பயன்படப் போவதும் இல்லை. மெல்லியதாகவும் விரைவில் உலர்வதாகவும் இருப்பதுதான் அங்கே முதன்மை. அனுபவமுள்ள கட்டிங் மாஸ்டரும், துணியைத் தளரவிட இடமும், உள்பனியனுக்கு உறுதியான ஆர்டரும் கையில் இருப்பவர் ரிப்பைத் தயங்காமல் எடுக்கலாம். மற்றவர்களுக்கு ரிப் கழுத்துப் பட்டிக்கும் கைப்பட்டிக்கும் மட்டும் போதும். சட்டைத் துணியோடு பட்டித் துணியையும் ஒரே நேரத்தில், ஒரே சாயப்பட்டறையில் சாயமேற்றக் கொடுத்துவிடுங்கள்; தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டும் ஒரே நிறமாக வருவது அரிது. பிக்கே, டெர்ரி போன்ற மற்ற பின்னல்களைக் கைக்குழந்தை உடுப்பின் முதல் கொள்முதலில் கருத வேண்டிய தேவை இல்லை.

கடையில் துணியைக் கையில் எடுத்ததும் இன்னது என்று தெரிந்துகொள்வது கடினமல்ல. அகலவாக்கில் வெட்டிய ஓரத்தை இரு கைகளாலும் இழுங்கள். ஓரம் குழாய் போல முகப்புப் பக்கம் சுருண்டால் சிங்கிள் ஜெர்சி. சுருளாமல், இழுக்கும்போது மேட்டு வரிகளுக்கு நடுவே மறைந்திருந்த வரிகள் வெளிப்பட்டால் ரிப். சுருளாமலும் பெரிதாக நீளாமலும் இரு பக்கமும் ஒரே மாதிரி 'வி' கோடுகள் தெரிந்தால் இண்டர்லாக். எடையை விற்பவர் சொல்வதிலிருந்து எடுத்துக்கொள்ளாமல், 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டும் கருவியால் ஒரு வில்லையை வெட்டி நிறுத்து, வரும் கிராமை நூறால் பெருக்குங்கள், 1.9 கிராம் என்றால் 190 ஜிஎஸ்எம். ரோலின் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, மறு ஓரத்தில் ஒன்று என மூன்று இடத்தில் வெட்டிப் பார்ப்பது நல்லது.

எந்தத் துணியை எடுத்தாலும், மொத்தத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு மீட்டர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அதில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை அழியாத பேனாவால் வரைந்து, மீதித் துணியில் ஒரு சிறு சட்டையை இரண்டு பக்கமும் தைத்து, இரண்டையும் மூன்று முறை துவைத்து உலர்த்துங்கள். சதுரம் ஏதேனும் ஒரு திசையில் 47.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சுருக்கம் 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அந்தத் துணிக்குக் காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கிவிடும் வேலை) சரியாக ஆகவில்லை என்று பொருள். சட்டையைப் படுக்க வைத்துப் பக்கத்தையல் கீழ் ஓரத்தில் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று அளந்து பாருங்கள். குழந்தை உடுப்பில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த லாட்டை நான் வாங்கமாட்டேன்.